லூகா மோட்ரிச் பற்றி எங்கள் மைதானத்தில் கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மைதானத்தில் சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். பயிற்சி முடிந்து பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் வரும் கேள்விகளில் பாதி ஒரே மனிதரைப் பற்றியவை. அவர் லூகா மோட்ரிச். பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மா அப்பாமாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

சேர், மோட்ரிச் யாரு? எந்த நாட்டுக்காரரு?

குரோஷியா நாட்டுக்காரர். 1985 செப்டம்பர் 9ஆம் திகதி ஸாடார் என்ற கடற்கரைப் பட்டினத்தில் பிறந்தார். அப்போது குரோஷியா யூகோஸ்லாவியாவுக்குள் இருந்தது. இன்றைக்கும் அந்த நாட்டில் 40 இலட்சம் பேர்கூட இல்லை. இலங்கையின் சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

டினாமோ ஸாக்ரெப் கழகத்தில் வளர்ந்து, 2008இல் இங்கிலாந்தின் டொட்டன்ஹாமுக்கும் 2012இல் ஸ்பெயினின் ரியல் மட்ரிட்டுக்கும் போனார். மட்ரிட்டில் 13 பருவங்கள் ஆடி 28 கிண்ணங்கள் வென்றார். அவற்றில் 6 ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணங்கள். 2025இல் இத்தாலியின் ஏசி மிலானில் சேர்ந்தார். உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது 2018இல் அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளும் அந்த விருது மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் தாண்டி வேறு யாரிடமும் போகவில்லை.

கோலும் அடிக்கிறதில்ல, கோலத் தடுக்கிறதும் இல்ல. நடுவுல நிக்கிறவருக்கு அப்படி என்ன வேலை?

கொழுந்து எடுக்கும் மலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கள வீரருக்கு ஒரு நிரை உண்டு, பின்கள வீரருக்கும் ஒரு நிரை உண்டு. மத்தியகள வீரருக்கென்று தனி நிரை கிடையாது. எந்த நிரை விடுபட்டுக் கிடக்கிறதோ அங்கே அவர் போய் நிற்க வேண்டும். பின்னால் நெருக்கடி வந்தால் கீழே இறங்கிப் பந்தை வாங்குவார். முன்னால் இடைவெளி தெரிந்தால் அங்கே பந்தை அனுப்புவார். ஆட்டம் அவசரப்பட்டால் நிதானப்படுத்துவதும், தூங்கிப்போனால் தட்டி எழுப்புவதும் அவர்தான்.

ஒரு போட்டியில் மத்தியகள வீரர் 10 முதல் 12 கிலோமீற்றர் வரை ஓடுவார். அத்தனை ஓட்டத்திலும் பந்து அவர் காலில் இருப்பது மொத்தமாக இரண்டு மூன்று நிமிடம்தான். மிச்ச நேரம் முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மோட்ரிச் ஆடும் வீடியோவைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் அவர் தலையை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பந்து காலுக்கு வந்து சேரும்போது எங்கே அனுப்புவது என்ற முடிவு அவரிடம் ஏற்கெனவே இருக்கும்.

இதை எங்கள் மைதானத்தில் ஒரு சிறிய பயிற்சியாகச் செய்கிறோம். பந்தை வாங்கப்போகும் பிள்ளைக்குப் பின்னால் ஒருவன் நிற்பான். அவன் கையில் ஒரு சிவப்புத் துணியும் ஒரு கொழுந்துச் சாக்கும் இருக்கும். நான் பந்தை உதைத்ததும் இரண்டில் ஒன்றை அவன் உயர்த்துவான். பந்து காலைத் தொடுவதற்கு முன்பு "துணி" அல்லது "சாக்கு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் பாதிப் பேர் சொல்லவே மாட்டார்கள், பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது வாரத்தில் தலை தானாகத் திரும்பத் தொடங்கிவிடும்.

அவரு சின்ன வயசுல ஆடு மேய்ச்சாருன்னு சொல்றாங்களே, மெய்யா?

மெய்தான். ஸாடாருக்கு வடக்கே வெலெபிட் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் சரிவில் மோட்ரிச்சி என்ற சின்னக் குடியிருப்பில் அவருடைய தாத்தா வீடு இருந்தது. ஊர்ப் பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றுதான். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால் பையன் பெரும்பாலும் தாத்தாவோடுதான் இருந்தான். ஐந்து வயதில் அவர் ஆடுகளைக் குச்சியால் ஓட்டிக்கொண்டு போகும் பழைய படக்காட்சி ஒன்று இன்றும் இருக்கிறது. பெரிய சட்டை போட்ட குட்டிப் பையன், சுற்றிலும் கல்லும் முட்செடியும்.

தாத்தாவின் பெயரும் லூகாதான். அந்தப் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள்.

சண்டையில வீட்ட இழந்தாங்களாமே? அப்பறம் எங்க ஆடிப் பழகினாரு?

1991இல் யூகோஸ்லாவியா உடைந்து போர் தொடங்கியது. அந்த டிசம்பரில் தாத்தா லூகாவை ஆயுதக்காரர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கொன்றுவிட்டார்கள். பேரனுக்கு அப்போது வயது 6. குடும்பம் ஸாடாருக்கு ஓடியது, வீடு எரிக்கப்பட்டது. அப்பா இராணுவத்தில் சேர்ந்தார். அகதிகளுக்காகத் திறந்துவிடப்பட்ட ஹோட்டல்களில்தான் பல ஆண்டுகள் வாழ்க்கை. முதலில் கொலொவாரே, பிறகு இஷ் என்று இரண்டு ஹோட்டல்கள். கொலொவாரே ஹோட்டலின் வாகனத் தரிப்பிடம்தான் அவருடைய முதல் மைதானம். நகரத்தின் மீது ஷெல் விழுந்த நாட்களிலும் பிள்ளைகள் அங்கே பந்தடித்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். 77, 83 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன உறவுகள் இல்லாத லயம் இங்கே குறைவு. 2014 அக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, தப்பியவர்கள் நீண்ட காலம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் குடியிருந்தார்கள். பத்துக்குப் பத்து இடத்தில் ஒரு குடும்பம் எப்படி வாழும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். கஷ்டம் யாரையும் வீரராக்குவதில்லை. அந்தக் கஷ்டத்துக்குள்ளும் ஒரு பந்தும், கொஞ்சம் இடமும், பக்கத்தில் ஒரு பெரியவரும் மோட்ரிச்சுக்குக் கிடைத்தார்கள்.

தம்பி, எங்க பையன் கட்டையா, மெலிஞ்சு இருக்கான். இவனையெல்லாம் டீமுக்கு எடுப்பாங்களா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதுவும் அம்மாமார் குரலைத் தாழ்த்திக் கேட்பது. மோட்ரிச்சிடமும் இதையேதான் சொன்னார்கள். சிறுவனாக இருந்தபோது ஹைடுக் ஸ்பிளிட் என்ற பெரிய கழகத்துக்குத் தேர்வுக்குப் போனார். உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸாடார் கழகத்தில் இளையோரைப் பார்த்துக்கொண்ட டோமிஸ்லாவ் பாஷிச் என்ற பயிற்சியாளர்தான் அவரைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டார். மோட்ரிச் இன்றைக்கும் 172 சென்ரிமீற்றர்தான். நம் ஊர்க் கணக்கில் 5 அடி 8 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

சின்ன உடம்புள்ள பிள்ளையை மற்றவர்கள் தோளால் இடித்துத் தள்ளிவிடுவார்கள். அதிலிருந்து தப்ப அவனுக்கு ஒரே வழி, இடிக்க வருகிறவன் வந்து சேர்வதற்குள் பந்தை அனுப்பிவிடுவது. அதற்கு முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். மேலே சொன்ன துணி, சாக்குப் பயிற்சியில் முதலில் தேறுவது பெரும்பாலும் கட்டைப் பிள்ளைகள்தான். ஆகவே, எடுப்பார்களா என்று கேட்டால், என் டீமில் கட்டாயம் எடுப்பேன்.

ஆனால் அம்மா, கட்டையாக இருப்பது வேறு, சத்தில்லாமல் மெலிந்திருப்பது வேறு. காலையில் வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிட்டு வரும் பிள்ளைக்கு இருபதாவது நிமிடத்தில் கால் தளர்ந்துவிடும். வாரத்தில் சில நாளாவது முட்டை, நெத்தலி, பருப்பு, கௌப்பி, வீட்டைச் சுற்றி முளைக்கும் கீரை என்று பார்த்துக் கொடுங்கள். உடல் நிறையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் குடும்ப நல மாதுவிடம் காட்டுங்கள். மோட்ரிச் கதையைச் சொல்லி இந்த விஷயத்தை நாம் மறைத்துவிடக் கூடாது.

வீட்ட விட்டு எப்ப போனாரு? ஒடனே பெரிய டீம்ல ஆட விட்டாங்களா?

16 வயதில் டினாமோ ஸாக்ரெப் கழகத்தின் இளையோர் அணிக்குப் போனார். உடனே ஆட விடவில்லை. 2003இல் பக்கத்து நாடான பொஸ்னியாவில் மொஸ்டார் நகரத்து ஸ்ரின்ஸ்கி கழகத்துக்கு இரவலாக அனுப்பினார்கள். கரடுமுரடான மைதானங்கள், காலைப் பார்த்து அடிக்கும் ஆட்டக்காரர்கள். 18 வயதுப் பையன் அந்த லீக்கின் சிறந்த வீரராகத் தெரிவானான். அங்கே ஆட முடிந்தவன் எங்கேயும் ஆடுவான் என்ற அர்த்தத்தில் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு இன்டர் ஸாப்ரெஷிச் என்ற சிறிய கழகத்துக்கு மறுபடி இரவல். 2005இல்தான் டினாமோ அவரோடு பத்து ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அந்தப் பணத்தில் அவர் ஸாடாரில் குடும்பத்துக்கு ஒரு வீடு வாங்கினார். ஹோட்டல் அறைகளில் வளர்ந்த பிள்ளை முதலில் வாங்கிக் கொடுத்தது ஒரு வீடு. எனக்கு அவருடைய கிண்ணங்களைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

டொட்டன்ஹாம்ல எப்படி ஆடினாரு?

16.5 மில்லியன் பவுணுக்குப் போனார். முதல் சில மாதங்கள் சரிவரவில்லை. ஆங்கிலேய ஆட்டத்துக்கு மெலிந்தவர் என்று அங்கேயும் பேசினார்கள். ஹரி ரெட்னாப் பயிற்சியாளராக வந்து அவரை நடுவில் இறக்கிய பிறகு அணியே அவர் காலைச் சுற்றி ஆடத் தொடங்கியது. 2009 ஓகஸ்டில் காலில் எலும்பு முறிந்து சில மாதம் ஆடவில்லை. 2012இல் சுமார் 30 மில்லியன் பவுணுக்கு மட்ரிட் வாங்கியது.

மட்ரிட்டுக்கு வந்த புதுசுல "மோசமான ஆள்"னு வோட்டுப் போட்டாங்களாமே?

ஆமாம். 2012 கடைசியில் மார்க்கா என்ற ஸ்பானியப் பத்திரிகை வாசகர்களிடம் வாக்கெடுத்தது. அந்தப் பருவத்தில் வாங்கப்பட்ட வீரர்களில் மோசமானவர் என்று மோட்ரிச்சுக்குத்தான் அதிக வாக்கு விழுந்தது. வந்து நாலு மாதம் போலத்தான் ஆகியிருந்தது. பருவம் தொடங்குவதற்கு முந்திய பயிற்சியில் அவர் அணியோடு இருக்கவில்லை, மொழியும் புதிது, பெரும்பாலும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

2013 மார்ச் 5, மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு எதிராக ஓல்ட் ட்ரஃபர்ட் மைதானம். மட்ரிட் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கியதும் மோட்ரிச்சை இறக்கினார்கள். சில நிமிடங்களில் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்கு வெளியே பந்தை ஒரு தட்டுத் தட்டி, வலது காலால் அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. மட்ரிட் 2-1 என்று வென்றது. அதற்குப் பிறகு அந்த வாக்கெடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. டீமில் இரண்டு வாரம் வாங்கில் உட்கார்ந்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த நாளைச் சொல்வேன்.

வெளிக்கால்ல ஒரு பாஸ் குடுப்பாரே, அத எப்படி அடிக்கிறது?

பொதுவாகப் பந்தை வளைக்கப் பாதத்தின் உள்பக்கத்தால் அடிப்போம். மோட்ரிச் வெளிப்பக்கத்தால், சுண்டுவிரல் பக்கமாக அடிக்கிறார். வலது காலின் உள்பக்கத்தால் அடித்தால் பந்து இடப்பக்கம் வளையும், வெளிப்பக்கத்தால் அடித்தால் வலப்பக்கம் வளையும். ஒரே காலால் இரண்டு பக்கமும் வளைக்க முடிந்தால் உடம்பைத் திருப்பி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. எதிரணிக்கும் பந்து போகும் திசை கடைசி நொடி வரை தெரியாது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இங்கிலாந்தின் செல்சி கழகத்துடன் ஆடிய சம்பியன்ஸ் லீக் காலிறுதியைத் தேடிப் பாருங்கள். இரண்டு போட்டிகளின் கோல்களையும் கூட்டித்தான் அதில் வெற்றி. முதல் போட்டியை 3-1 என்று வென்றிருந்த மட்ரிட், சொந்த மைதானத்தில் 3-0 என்று பின்தங்கி வெளியேறும் நிலையில் நின்றது. 80ஆவது நிமிடம். இடப்பக்கம் நின்ற மோட்ரிச், நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். வலது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு வெட்டு. பந்து பின்கள வீரர்கள் எல்லோருடைய தலைக்கும் மேலாகப் போய், வளைந்து இறங்கி, தூரத்தில் ஓடிவந்த ரொட்ரிகோவின் காலில் விழுந்தது. அவர் பந்தைத் தரையில் விடாமலே கோலாக்கினார். மேலதிக நேரத்தில் பென்சிமா தலையால் ஒன்று போட, மொத்தக் கணக்கில் 5-4 என்று மட்ரிட் அரையிறுதிக்குப் போனது. அந்த ஆண்டுக் கிண்ணமும் அவர்களுக்குத்தான். கோல் கணக்கில் அன்று மோட்ரிச்சின் பெயர் இல்லை.

பழகுவதற்கு: கணுக்காலை இறுக்கி, பெருவிரலைக் கீழே அமுக்கி, பந்தின் நடுவிலிருந்து சற்று உள்பக்கமாக உதைக்க வேண்டும். முதலில் பத்து அடித் தூரத்தில் சுவரில் அடித்துப் பழகுங்கள். உள்பக்கத்து அடி ஒழுங்காக வராத வரைக்கும் இதைத் தொடாதீர்கள். பார்க்க அழகு என்பதற்காக எல்லாப் பந்தையும் வெளிக்காலால் அடித்தால் டீமுக்கு நஷ்டம்.

2018 ஃபைனல்ல தோத்தாங்க. தோத்த டீம்காரருக்கு எப்படி சிறந்த வீரர் விருது?

உலகக் கிண்ணத்தின் தங்கப்பந்து விருது இறுதிப் போட்டியை மட்டும் வைத்துக் கொடுப்பதில்லை, தொடர் முழுவதையும் பார்த்துக் கொடுப்பது. குரோஷியா டென்மார்க்கையும் ரஷ்யாவையும் பெனால்டி வரை போய் வென்றது, இங்கிலாந்தை மேலதிக நேரத்தில் வென்றது. மூன்று போட்டியிலும் தலா 30 நிமிடம் கூடுதல். அதாவது இறுதியில் எதிரணியான பிரான்ஸைவிட ஒரு முழுப் போட்டி அதிகமாக ஆடிவிட்டுத்தான் ஜூலை 15ஆம் திகதி மொஸ்கோவில் இறுதிக்கு இறங்கினார்கள். 4-2 என்று தோற்றார்கள். 32 வயதுத் தலைவர் மோட்ரிச் ஏறக்குறைய அத்தனை நிமிடமும் நடுவில் ஓடினார். 2022இலும் அணியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்.

பெரிய ஆள்னு சொல்றீங்க, பெனால்டிய விட்டுட்டாரே?

விட்டிருக்கிறார், அதுவும் பெரிய மேடையில். இரண்டைச் சொல்கிறேன். 2018இல் டென்மார்க்குடன் மேலதிக நேரம் முடியப்போகும்போது கிடைத்த பெனால்டியை காஸ்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிட்டார். சில நிமிடத்தில் பெனால்டிச் சுற்று வந்தது. அதே கோல் காப்பாளர், அதே புள்ளி. மோட்ரிச் மறுபடி போய் அடித்தார், இந்த முறை கோல்.

2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் இத்தாலியுடன் ஆடும்போது அவர் அடித்த பெனால்டியைக் கோல் காப்பாளர் டொன்னருமா தடுத்தார். அரை நிமிடம்கூட நின்று வருத்தப்படவில்லை. அடுத்த தாக்குதலிலேயே பெட்டிக்குள் புகுந்து கோல் போட்டார். 38 வயதில், அந்தக் கிண்ண வரலாற்றில் கோல் போட்டவர்களில் மிக மூத்தவர் ஆனார். ஆனால் 98ஆவது நிமிடத்தில் இத்தாலி சமப்படுத்த, ஆட்டம் 1-1 என்று முடிந்தது. சிறந்த ஆட்டக்காரர் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற படத்தில் முகம் அழுகிற மாதிரி இருக்கும். எங்கள் பையன் ஒருவன் அந்தப் படத்தை நோட்டுப் புத்தக அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறான்.

கோர்ட் கேஸ்ல மாட்டினாராமே?

கேட்கும் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை. டினாமோ கழகத்தின் பழைய நிர்வாகி ஒருவர் மீதான பண மோசடி வழக்கில் மோட்ரிச் 2017இல் சாட்சி சொன்னார். அது பொய்ச்சாட்சி என்று 2018 மார்ச்சில் அவர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. குரோஷியாவில் பலர் அவர்மேல் கடும் கோபத்தில் இருந்தார்கள். அந்த நிலையில்தான் உலகக் கிண்ணத்துக்குப் போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு. ஒப்பந்தத் தாள் கையில் வரும்போது, வாசிக்கத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

40 வயசுலயும் எப்படி ஆடுறாரு?

வேகத்தை நம்பி ஆடியவருக்கு 32இல் சிரமம் தொடங்கும். மோட்ரிச் பார்வையை நம்பி ஆடியவர், பார்வைக்கு அவ்வளவு சீக்கிரம் வயதாவதில்லை. அதோடு, மட்ரிட்டின் கடைசிப் பருவங்களில் பல போட்டிகளில் மாற்று வீரராகத்தான் இறங்கினார். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மிலானில் சேர்ந்தபோது 40க்கு இரண்டு மாதம்தான் குறைவு.

நம்ம மலையில ஓடினா மூச்சு கூடுமா சேர்?

உயரத்தில் காற்று மெலிவு என்பதால் பெரிய அணிகள் மலைக்குப் போய்ப் பயிற்சி எடுப்பது உண்மை. ஆனால் அவர்கள் தேடுவது 2000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களை. ஹட்டன் சுமார் 1270 மீற்றர், நுவரெலியாவே 1900க்குக் கீழே. ஆகவே காற்றை நம்ப வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஏறி இறங்கும் படிகள்தான் காலுக்கும் மூச்சுக்கும் பலம் தருகின்றன.

இங்கேயிருந்து அவர மாதிரி வர முடியுமா? பையன் ஓ.எல். படிப்ப விட்டுட்டுப் பந்தடிக்கணும்கிறான்.

படிப்பை விடச் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் சூப்பர் லீக் என்ற தொழில்முறைத் தொடர் 2021இல்தான் தொடங்கியது. நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் கழகமும் அதில் ஆடியது, நமக்கு அது பெருமை. ஆனால் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அத்தனை மாதமும் நம் வீரர்கள் சர்வதேசப் போட்டி எதிலும் ஆட முடியவில்லை. பந்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழும் நிலை இங்கே இன்னும் வரவில்லை.

அதனால் பையனிடம் இரண்டையும் கேளுங்கள். ஓ.எல். பரீட்சையும் எழுதட்டும், சனி, ஞாயிறு மைதானத்துக்கும் வரட்டும். பாடசாலை அணி, பிறகு மாவட்டக் கழகம் என்று படிப்படியாகப் போகலாம். பெரும்பாலான சம்பியன்ஸ் லீக் போட்டிகள் நம் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் தொடங்கும். பரீட்சை வருடத்தில் விழித்திருந்து பார்க்க வேண்டாம், காலையில் தொகுப்பைப் பார்த்தால் போதும்.

சேர், பொம்பளப் பிள்ளைங்களும் நடுவுல ஆடலாமா?

கடைசியாக வந்த கேள்வி இது. பயிற்சியை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டது. பெண்களுக்கான பலோன் டோர் விருதை 2021, 2022இல் அலெக்ஸியா புதெயாஸ் வென்றார், 2023, 2024, 2025இல் அய்தானா பொன்மதி வென்றார். விருது வென்றபோது இருவரும் பார்சிலோனா கழகம், இருவரும் மத்தியகள வீராங்கனைகள். பொன்மதியின் உயரம் 162 சென்ரிமீற்றர், மோட்ரிச்சைவிட 10 சென்ரிமீற்றர் குறைவு. அவரும் பந்து வருவதற்கு முன் இரண்டு தோளுக்கு மேலும் பார்ப்பார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை ஏழு மணிக்கு வா, மகள். பூட்ஸ் இல்லாவிட்டால் கென்வஸ் சப்பாத்து போதும். மழைக்காலம் என்பதால் அட்டைக் கடிக்குச் சவர்க்காரமோ உப்போ கொஞ்சம் கொண்டுவா.